வான்கோழித் துவக்கும் ஒரு வேண்டாத துளையும்

வான்கோழி சுடுவதற்கென்று ஒருவர் துவக்குக்கு, அதுதான் துப்பாக்கிக்கு, குறிபார்க்கும் குறிகாட்டி கேட்டு வந்தால், அவர் சுடப்போவது வான்கோழியை அல்ல என்று நான் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன். ஒரு கணம் நினைத்துவிட்டு மறந்துபோன நம்பிக்கை இல்லை அது. ஒரு பின்னேரம் முழுக்க உறுதியாக நம்பிய நம்பிக்கை.

கடைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமார் இரண்டு பேரும் தங்கச்சியும் இதை வாசித்துவிட்டுச் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள். என் முதுகு ஓய்வு கேட்டது, நானும் துணைக்கு அதனோடு போய்விட்டேன். இனி என்னை ஆரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. ஆனபடியால் உண்மையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. சிசிலித் தீவின் பலேர்மோவில், மாபியாக் கொலைகளுக்குப் பிறகு, தெருமுனைக்குத் தெருமுனை பட்டாளத்துப் பெடியன்கள் துவக்கோடு நின்ற காலம். இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனம் அநேகமாகச் சிஞ்ஞோராக்களின், அதுதான் இந்த ஊர் அம்மாமாரின், வீடுகளில் தரை துடைத்து, கிழவர்களைக் குளிப்பாட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனது. எனக்கு மட்டும், துறைமுகத்துக்குப் பின்தெருவில், இந்த வேட்டைச் சாமான் கடை வாய்த்தது. தூசி தட்ட வந்தவன் மெல்ல மெல்ல மேசைக்கு முன்னால் வந்துவிட்டேன். துவக்கும் தோட்டாவும் விற்கும் உரிமம் கடைக்கார சிஞ்ஞோராவின் பெயரில். சப்பாத்து, மழைக்கோட்டு, தோல்பட்டி, எண்ணெய், குறிகாட்டி, இவைதான் என் இராச்சியம்.

வெளியே போகும்போதெல்லாம் சிஞ்ஞோரா இரண்டு விஷயம் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒன்று, பின்னறையிலுள்ள டிரில் மெசினைத் தொடாதே. மற்றது, குறிகாட்டி கேட்டு வருகிறவரிடம் முதலில் விரலைக் கேள்.

இந்த விரல் விஷயம் எனக்கு மூன்று வருடமாக விளங்கவில்லை. ஆரும் குறிகாட்டி கேட்டால் சிஞ்ஞோரா அவருக்கு எதிரே மூன்று எட்டுத் தள்ளி நின்று, “ரெண்டு கண்ணையும் திறந்துகொண்டு என்ரை மூக்குக்கு நேரை விரலை நீட்டுங்கோ” என்பார். அவர்களும் நீட்டுவார்கள். இவர் ஒரு கணம் பார்ப்பார், தலையாட்டுவார், திரும்பி அலுமாரியில் இருந்து ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பார். இது பலேர்மோ ஆட்களின் ஒரு குறும்பு என்றுதான் நான் எடுத்திருந்தேன். சிஞ்ஞோராவிடம் விளக்கம் கேட்டிருக்கலாம். கேட்டால் விளங்காத ஆள் என்று தெரிந்துவிடுமே.

அதோடு, பெரியவர்களின் முகத்துக்கு நேரே விரல் நீட்டினால் எங்கள் வீட்டில் அந்த விரல் மிஞ்சாது. அப்படி இருக்க, தலை நரைத்த மனிதர்களை எனக்கு நேரே விரல் நீட்டச் சொல்லி நானே எப்படிக் கேட்பது? சிஞ்ஞோரா இல்லாத நாட்களில் நான் விரல் கேட்டதே இல்லை. மரியாதையாகச் சிரித்து, விலை கூடிய சாமானை முதலில் காட்டுவேன். விலை கூடினால் குறி தப்பாது என்பது என் விஞ்ஞானம்.

அன்று சிஞ்ஞோராவின் தங்கை பக்கத்து ஊரான பகேரியாவில் படியில் விழுந்து காலை முறித்துவிட்டார். சிஞ்ஞோரா காலை ரயிலில் போனார், ஆறு மணிக்குள் திரும்பிவிடுவார். எனக்கோ அடுத்த மாதம் பெர்மெசோ, அதுதான் இங்கே இருக்கிற அனுமதி, புதுப்பிக்க வேண்டும். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கொடுக்க அவருடைய கடிதம் வேண்டும். கடிதம் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் இந்த நாட்டில் இருக்க வழியில்லை. இந்த ஒரு மாதத்துக்குப் பிழையொன்றும் செய்யாதே என்று கண்ணாடியைப் பார்த்து எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

மத்தியானப் பூட்டுக்குப் பிறகு கடையைத் திறந்து பத்து நிமிடம் இருக்காது. ஒருவர் உள்ளே வந்தார். நல்ல உயரம், கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் நீளமான தோல் பெட்டி. அறுபத்தைந்து வயது இருக்கும். பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். பழைய துவக்கு ஒன்று, ஒற்றைக் குழல், முனையில் குறிபார்க்க மிளகு அளவு பித்தளை மணி. தோட்டா இல்லாத வெறும் துவக்குத்தானா என்று இரண்டு தரம் திறந்து பார்த்தேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

“சிஞ்ஞோரா இல்லையோ?”

“பகேரியாவுக்குப் போட்டா. ஆறு மணியாகும்.”

“எனக்கு இண்டைக்கு நாப்போலிக் கப்பல். ஏழு மணிக்குத் துறைமுகத்திலை நிக்கோணும். நீயே பார் தம்பி. இந்த மணி சரிவராது. நல்ல குறிகாட்டி ஒண்டு பூட்டித் தா. வான்கோழிக்கு.”

வான்கோழி! நான் கண்ட வான்கோழி இரண்டு விதம். ஊரில் முற்றத்தில் நின்று சின்னப் பிள்ளைகளைத் துரத்தும். இங்கே நத்தார்ப் பண்டிகைக்கு இறைச்சிக்கடையில் உரித்துத் தொங்கும். சுடுவதற்கென்று ஒன்று சிசிலி முழுக்கத் தேடினாலும் கிடையாது. ஆட்டுக்குட்டி அளவில் நிற்கிற பறவைக்குக் குறிகாட்டி எதற்கு? கல்லால் எறிந்தாலே படுமே.

“எவ்வளவு தூரத்திலை?” என்று கேட்டுவைத்தேன்.

“முப்பது எட்டு. அதுக்கு மேலை சரிவராது. உடம்பிலை பட்டுப் பிரயோசனமில்லை, தலையும் கழுத்தும்தான். இந்தளவு இடம்.” தன் பொத்திய கையைக் காட்டினார். “விடியமுந்திப் போய் மரத்திலை சாஞ்சு இருக்கோணும். இமையும் ஆடக்கூடாது. அவன் எல்லாத்தையும் பாப்பான்.”

“வ...வருவானோ?”

“பொம்பிளைக் குரலிலை கூப்பிட்டா நெஞ்சை நிமித்திக்கொண்டு வருவான். இளசுகள் லேசிலை ஏமாறும். வயசான ஆள்தான் கள்ளன். போன வருஷம் மூண்டு பேரைத் தப்பவிட்டிட்டன். பக்கத்திலை இருந்த மருமகன் சொல்லிப்போட்டான், இந்த முறையும் விட்டா நீங்கள் வீட்டிலை இருந்து கோப்பி போடுங்கோ மாமா, இனிமேல் நாங்கள் கூட்டிக்கொண்டு போகமாட்டம் எண்டு. அமெரிக்காவிலை என்ரை குடும்பத்துக்கு முன்னாலை எனக்கு இது கடைசி முறை.”

அமெரிக்காவுமா! குடும்பமுமா! எனக்குக் காதுக்குள் சில்வண்டு கத்தத் தொடங்கியது. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய் ரெலிபோனை எடுத்தேன். அருளப்பு அண்ணை மன்னார்க்காரர், கால்சாப் பகுதியில் ஒரு பெரிய வீட்டில் சமையல். எங்களில் ஆருக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் அவரைத்தான் கேட்பது. அவர் சொன்னது ஒருநாளும் சரிவந்ததில்லை. ஆனாலும் கேட்பது.

“அண்ணை, கடையிலை ஒருத்தர் நிக்கிறார். வான்கோழி சுடப் போறாராம்.”

“இஞ்சை ஆரடா வான்கோழி சுடுறது?”

“அதுதானே அண்ணை! தலைக்குத்தான் வைக்கோணுமாம். மூண்டு பேர் தப்பிட்டினமாம்.”

“கறுப்புக் கண்ணாடியோ?”

“ஓம்.”

“மாதாவே! எடேய், ஒண்டும் கேளாதை. என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லு. முகத்தைப் பாராதை.”

“பாத்திட்டனே அண்ணை.”

“அப்ப மற. போனை வை, சோஸ் அடிப்பிடிக்குது.”

அந்தப் புத்திமதியைக் காவிக்கொண்டு மேசைக்கு வந்தேன். அலுமாரியில் இருந்த குறிகாட்டி முழுவதையும் பரப்பினேன். பார்வைக்கு நான் கெட்டிக்கார விற்பனையாளன் மாதிரி இருந்திருப்பேன். உண்மையில் என் கை எதை எடுக்கிறது என்று எனக்கே தெரியாது.

தொலைநோக்கியைப் பார்த்தார். “கிட்ட வந்து நிண்டா இதுக்குள்ளாலை ஆளைக் கண்டுபிடிக்கேலுமோ?”

“ஓம்.”

“ஏலாது எண்டல்லோ சொல்லுறவை?”

“ஓம், ஓம், ஏலாது.”

வெளிச்சத்தை வாங்கி மினுங்கும் நார் வைத்த குறிமணிகள் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. “எது நல்லது?”

“ஓம்.”

அவர் கறுப்புக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இப்போது நீங்கள் கேட்டால் ஒழுங்காகச் சொல்வேன். வான்கோழியின் தலையே சிவப்பு, சிவப்பு மணி அதில் கரைந்துபோகும், பச்சையை எடுங்கள். தொலைநோக்கி என்றால் ஆகக் குறைந்த பெருக்கம், இல்லாவிட்டால் பத்து எட்டில் வந்து நிற்கும் பறவை வெறும் இறகுப் படலமாகத் தெரியும். பற்றரியில் எரியும் செம்புள்ளிக் கண்ணாடி நல்ல சாமான், ஆனால் குளிர்ந்த காலையில் பற்றரி படுத்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று முதலே யோசியுங்கள். கன்னம் துவக்கின் மரக்கட்டையில் ஒட்டியிருந்தால் பழைய பித்தளை மணியும் போதும். இதில் ஒரு வரியும் அன்று என் வாயில் வரவில்லை.

கடைசியில் அவர் செம்புள்ளிக் கண்ணாடியில் விரலை வைத்தார். காட்டுப்பன்றி வேட்டைக்காரருக்கென்று சிஞ்ஞோரா எடுத்து வைத்திருந்தது. அதைப் பூட்டத் துவக்கின் முதுகில் நாலு துளை போட வேண்டும்.

“உனக்குப் பூட்டத் தெரியுமோ தம்பி?”

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

பின்னறையில் துவக்கை இரும்புப் பிடியில் வைத்து இறுக்கினேன். டிரில் மெசினைத் தொட்டேன். இரும்பில் துளைக்குமுன் ஆணியால் ஒரு சின்னக் குழி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நுனி வழுக்கும். இது கொல்லன் வீட்டுப் பூனைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. நுனி வழுக்கி, கறுப்புப் பூச்சில் ஒரு கீறல் கீறி, நான் நினைத்த இடத்துக்கு ஒரு நெல்லளவு தள்ளிப்போய்க் கடித்தது. நிறுத்தும்போது அங்கே ஒரு துளை. அழகான, வட்டமான, வேண்டாத துளை.

தம்பிமாரே, தங்கச்சி, அந்த நேரத்தில் மனிதனுக்கு வருகிற யோசனைகளை ஒழுங்காகச் சொல்கிறேன். முதல் யோசனை, பின் யன்னல். அது என் இடுப்புக்குக் காணாது. இரண்டாவது யோசனை கெட்டிக்கார யோசனை, ஆனபடியால்தான் ஆபத்தானது. செம்புள்ளிக் கண்ணாடியின் அடித்தட்டைக் கொஞ்சம் சரித்துப் பூட்டினால் துளை மறைந்துவிடும். அவர் கப்பலேறிவிடுவார். கண்டுபிடிக்கும்போது கடலுக்கு அந்தப் பக்கம் நிற்பார். என் கடிதம், என் பெர்மெசோ, எல்லாம் தப்பிவிடும். அடித்தட்டைக் கையில் எடுத்தும்விட்டேன். அதைப் பூட்டாததற்குக் காரணம் நேர்மை என்று சொன்னால் நல்லாயிருக்கும். காரணம், திருகாணி மூன்று தரம் நிலத்தில் விழுந்தது. மூன்றாம் தரம் அது அலுமாரிக்கு அடியில் உருண்டுபோனது. கைவிட்டுத் தேடினேன், தூசிதான் வந்தது. அப்படியே துவக்கைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தேன்.

“சிஞ்ஞோரே, ஐயா,” என்றேன், “எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள்.”

“சந்தோசம். எனக்கு மூண்டு. பூட்டியாச்சோ?”

துவக்கை மேசையில் வைத்தேன். அவர் குனிந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தடவிப் பார்த்தார். நிமிரும்போது முகம் தக்காளி.

“இது என்ரை அப்பாவின்ரை துவக்கு!” வலதுகைச் சுட்டுவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “என்ரை அப்பா அம்பது வருஷம் எண்ணெய் போட்டு வைச்சது! நீ, நீ அதிலை...”

அவர் இன்னும் என்னவெல்லாமோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. செத்துப்போகப் போகிறவன் கடைசியாக எதையாவது உற்றுப் பார்ப்பான் அல்லவா, நான் அந்த விரல் நுனியை உற்றுப் பார்த்தேன். நுனிக்கு நேர் பின்னால் ஒரு கண் நின்றது. இடது கண். வலது கை விரல், அப்படியென்றால் வலது தோளில் துவக்கு வைக்கிற மனிதர், ஆனால் விரலுக்குப் பின்னால் நிற்பது இடது கண். வலது கண் தனியே ஒரு பக்கம் ஒதுங்கி, கொஞ்சம் பால் படர்ந்து, வேலை இல்லாமல் நின்றது.

சிஞ்ஞோரா மூன்று வருடமாக வாடிக்கையாளர்களின் மூக்குக்கு எதிரே நின்று எதைப் பார்த்தார் என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது: எந்தக் கண் குறிபார்க்கிறது என்பதை.

“விரலை இறக்காதையுங்கோ!” என்று கத்தினேன்.

அவர் திகைத்துப்போனார். “என்ன?”

“அப்பிடியே என்ரை மூக்கைக் காட்டுங்கோ. வலது கண்ணை மூடுங்கோ. விரல் எங்கை நிக்குது?”

“உன்ரை மூக்கிலை. உனக்கு விசரோ?”

“ஓம். இப்ப மற்றக் கண்ணை மூடி, வலதாலை பாருங்கோ.”

மூடினார். அவருடைய கை ஆடவில்லை. முகம்தான் மாறியது. “விரல் தள்ளிப் போட்டுது.”

“எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

“போன வருஷம் தப்பின வெடி எந்தப் பக்கம் போனது?”

விரலை மெல்ல இறக்கினார். “மூண்டும் இடப்பக்கம்,” என்றார். “மருமகன்ரை துவக்குப் பிழை எண்டு நினைச்சன். அதுதான் அப்பாவின்ரையைக் கொண்டுபோவம் எண்டு வந்தனான்.”

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வருவதுதான் என் தைரியம். “சிஞ்ஞோரே, அந்த மூண்டு பேரும் ஆர்?”

“எந்த மூண்டு பேர்?”

“தப்பினவை.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். காட்டுக்குள் ஒரு இளைஞன் முழங்காலில் நின்று பல்லைக் காட்டுகிறான். முன்னால், விசிறி மாதிரி வால் விரித்து, தலை சிவந்து, செத்துக் கிடக்கிறது ஒரு வான்கோழி. “மருமகன் சுட்டது. அங்கை இது காட்டுப் பறவை, வீட்டிலை நிக்கிறது மாதிரி இல்லை. உடம்பெல்லாம் தடிச்ச இறகு, தோட்டாச் சன்னம் உள்ளுக்கு ஏறாது. தலைக்குத்தான் சுடவேணும். நான் சொன்னன்தானே?”

“சொன்னீங்கள், சொன்னீங்கள்.” நான் தோட்டாப் பெட்டிமேல் குந்திவிட்டேன். “அப்ப உண்மையாவே வான்கோழிதானோ?”

“நீ என்னத்தை நினைச்சனி?”

என் கண் வாசலுக்குப் போனது. அவர் என்னைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே நின்ற பட்டாளத்துப் பெடியனைப் பார்த்தார், தன் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பட்டாளத்துப் பெடியன் உள்ளே எட்டிப் பார்க்கும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் துளையைப் பார்த்தார். திரும்பவும் முகம் தக்காளி.

ஆறு மணிக்குச் சிஞ்ஞோரா வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வந்தவரை மூன்று எட்டுத் தள்ளி நிறுத்தி விரலைக் கேட்டார். பார்த்துவிட்டு, “வயசு போகப் போகச் சிலருக்கு மற்றக் கண் தலைமை எடுக்கும்,” என்றார். “வலது கண்ணை வைத்தியரிட்டைக் காட்டுங்கோ, அது தனி வேலை. வெளிச்சம் கூசினதுக்குத்தானே கறுப்புக் கண்ணாடி போட்டனீங்கள்?” வந்தவர் பையில் வைத்திருந்த சாதாரண வெள்ளைக் கண்ணாடியை வாங்கி, இடது கண் குறிபார்க்காதபடி, இடது வில்லையில், பார்வை விழும் இடத்தில், நகத்தளவு செலோரேப் ஒட்டினார். செம்புள்ளிக் கண்ணாடியை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார்.

“சுவரிலை மணிக்கூட்டுக்குக் குறி வையுங்கோ.”

அவர் வெறும் துவக்கைத் தோளில் வைத்தார். பித்தளை மணி போய் மணிக்கூட்டின் நடுவில் நின்றது. இறக்கினார், திரும்ப வைத்தார். திரும்பவும் நடுவில். துளைக்குள் சிஞ்ஞோரா ஒரு குட்டைத் திருகாணியை முறுக்கி, தலையை அராவி, கறுப்பு மை பூசினார். கைக்கு மட்டும் தெரியும். அவர் பெட்டியைப் பூட்டும்போது சிஞ்ஞோராவிடம் கைகொடுத்தார். என்னிடமும் கொடுத்தார், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு.

கதவு சாத்தியதும் சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார்.

“சிவா, விரல் கேட்டனியோ?”

“இல்லை சிஞ்ஞோரா.”

“ஏன்?”

“பெரிய மனுசர். முகத்துக்கு நேரை விரல் நீட்டுங்கோ எண்டு கேக்க வெட்கமா இருந்துது.”

“விரல் கேக்க வெட்கம். தகப்பன்ரை துவக்கிலை ஓட்டை போட வெட்கமில்லை.”

பெர்மெசோவுக்கான கடிதத்தைச் சிஞ்ஞோரா அடுத்த கிழமையே எழுதித் தந்தார். அதில் நான் நம்பிக்கையான வேலையாள் என்று இருந்தது. அன்றே டிரில் மெசினின் சாவி அவருடைய சங்கிலிக்குப் போனது.

நீங்கள் இனி அந்த மேசைக்கு முன்னால் நிற்பீர்கள். அவசரத்தோடு வருவார்கள், கப்பல் இருக்கும், ரயில் இருக்கும். எதை வேண்டுமானாலும் பூட்டுங்கள், கழற்றலாம். ஒட்டுங்கள், உரிக்கலாம். கழற்ற முடியாத வேலையைக் கடைசிக்கு வையுங்கள், பயந்துபோய் இருக்கும்போது தொடவே தொடாதீர்கள். சாமானைக் காட்டுமுன் ஆளைப் பாருங்கள். மரியாதை நல்லது, ஆனால் கேட்கவேண்டிய கேள்வியை அது விழுங்கினால், அது மரியாதை இல்லை, பயம். எனக்கு இரண்டும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்ததால் பிரித்தறியத் தெரியவில்லை. அருளப்பு அண்ணையிடம் புத்தி கேட்காதீர்கள். அவர் இன்னும் இருக்கிறார், இன்னும் புத்தி சொல்கிறார்.

அந்த வைகாசி கடைசியில் சிஞ்ஞோராவுக்கு அமெரிக்காவிலிருந்து, கறுப்புக் கண்ணாடிக்காரரின் கடிதம் வந்தது. வேட்டையின் முதல்நாள் காலை ஒரு வான்கோழி வந்திருக்கிறது. ரேப் ஒட்டிய கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டுப் போயிருந்தார், வெடி இடப்பக்கம் போனது. நாலாம் நாள் கண்ணாடியோடு போனார். இருபத்தாறு எட்டில் ஒரே வெடி, வான்கோழி விழுந்தது. அந்த வருடம் மருமகனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.